ஜன்னல் திறந்து கிடந்தால் போனுக்கு எப்படித் தெரிகிறது?

ஜன்னல் சென்சார் என்பது இரண்டு சின்னத் துண்டுகள். திறந்து மூடும் கதவில் ஒரு காந்தம். அசையாத சட்டத்தில் பேட்டரியும் ரீட் சுவிட்சும். ரீட் சுவிட்ச் என்றால் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். பெல் ஆய்வகத்தில் 1936-ல் உருவானது, இன்றும் அதே வேலைதான். காந்தம் அருகில் இருந்தால் தகடுகள் ஒட்டும், விலகினால் பிரியும். பிரிந்ததும் 'திறந்திருக்கிறது' என்று சிக்னல் போகும்.

ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாவிட்டால் சற்று நேரத்தில் பீப் அடிக்கிறதே, அதே கதைதான். அந்த 'சற்று நேரம்' மிக முக்கியம். திறந்த உடனே அலர்ட் வரும்படி வைத்தால் இரண்டே நாளில் எரிச்சலாகி நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவீர்கள். 'தொடர்ந்து 10 நிமிடம் திறந்திருந்தால்' என்று வையுங்கள். 'ஏசி ஓடும்போது', 'எல்லோரும் வெளியே போன பிறகு' என்ற நிபந்தனைகளும் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஒட்டுமுன் தூசியை நன்றாகத் துடையுங்கள். ஜன்னல் மூடியிருக்கையில் இரண்டு துண்டுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பலர் நினைப்பதுபோல் இது தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கண்ணாடியை உடைத்தாலும், கதவு அசையாதவரை, 'மூடியிருக்கிறது' என்றே காட்டும்.