ஃபார்வர்டு ஆடியவனை ஸ்டாப்பராக்கிவிட்டார் கோச், விட்டுவிடட்டுமா?

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக் கால்பந்து அணியில் ஃபார்வர்டு (கோல் அடிக்கும் முன்வரிசை) ஆடிவந்தேன். இந்த வருடம் வந்த புது கோச் என்னைப் பின்னால் இழுத்து ஸ்டாப்பராக, அதாவது நடுவில் நின்று கோலைத் தடுக்கும் பின்வரிசை ஆளாகப் போட்டுவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. மாவட்ட அளவிலான போட்டியின் அரையிறுதியில் எங்கள் டிஃபென்ஸ் (பின்வரிசை) ஆஃப்சைடுக்காக, அதாவது பின்வரிசையைத் தாண்டி நின்று பாஸ் வாங்கினால் கோல் செல்லாது என்ற விதியில் எதிரணியைச் சிக்கவைக்க மேலே ஏறியபோது நான் ஒருவன் மட்டும் பின்தங்கிவிட்டேன். எதிரணிப் பையன் அந்த இடைவெளியில் புகுந்து கோல் போட்டான். தோற்றோம். அதிலிருந்து பந்து என் பக்கம் வந்தாலே கால் நடுங்குகிறது. என் உயரமும் ஐந்தடி ஏழு அங்குலம்தான். "பேக் ஆடுறவன் பேரு யாருக்குடா தெரியும்? ஒழுங்கா படிக்கிற வழியைப் பாரு" என்கிறார் அப்பா. டிஃபென்டராக ஆடி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா, இல்லை இப்போதே விட்டுவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த கோலைப் பற்றிப் பேசிவிடலாம். கோச் மேல் உள்ள வருத்தம், உயரம், அப்பாவின் பேச்சு என்று நீ எழுதியிருக்கும் எல்லாமே அந்த ஒரு கோலுக்குப் பிறகுதான் இவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று தோன்றுகிறது.

1998 உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸுக்கும் குரோஷியாவுக்கும். இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு குரோஷியாவின் டாவோர் ஷூக்கர் கோல் அடித்தார். பிரான்ஸின் டிஃபென்ஸ் வரிசை மேலே நின்றபோது லிலியன் துராம் ஒருவர் மட்டும் பின்னால் நின்றுவிட்டதால்தான் ஷூக்கர் ஆஃப்சைடு ஆகாமல் தப்பினார். நீ செய்த அதே தவறு. அதுவும் சொந்த நாட்டில், உலகக் கோப்பை அரையிறுதியில். அடுத்த நிமிடமே துராம் முன்னால் போய்ப் பந்தைப் பறித்து சமன் செய்தார். 70-வது நிமிடத்தில் இன்னொன்றும் அடித்தார். பிரான்ஸ் 2-1 என்று ஜெயித்து, இறுதிப் போட்டியில் பிரேசிலையும் வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. நாட்டுக்காக 142 ஆட்டங்கள் ஆடிய துராம் அடித்த கோல்கள் மொத்தமே அந்த இரண்டுதான்.

நீயும் திரும்பப் போய் இரண்டு கோல் அடிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் அமையாது. ஆனால் அந்த வரிசையில் ஒரு அடி பின்தங்குவது எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் நேர்வதுதான். நான்கு பேர் ஒரே நொடியில் ஒரே முடிவை எடுக்க வேண்டிய வேலை அது. பல மாதம் சேர்ந்து ஆடினால்தான் படியும். புதிதாகப் பின்னால் வந்த ஒருவனுக்கு முதல் சீசனிலேயே அது கைகூடாததில் அதிசயம் எதுவும் இல்லை. ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணடித்துவிட்டு பதினோராவதில் அடித்தால் தோளில் தூக்குகிறார்கள். பின்னால் நிற்பவன் எண்பது நிமிடம் சரியாக ஆடி ஒருமுறை சறுக்கினால் அது மட்டும்தான் எல்லார் நினைவிலும் நிற்கிறது. இந்த அநியாயம் உன் வேலையோடு சேர்ந்தே வருகிறது. இதைத் தாங்கும் மனசு வேண்டும், அதைப் பழகித்தான் கொண்டுவர முடியும்.

அடுத்தது, கோச் உன்னைப் பின்னால் போட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஓட முடியாதவனையும் பந்து தட்டத் தெரியாதவனையும் "நீ பேக்ல நில்லு" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனால் பின்னால் போடுவதே ஒரு தண்டனை மாதிரி உனக்குத் தெரிகிறது. இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. எத்தனையோ நல்ல டிஃபென்டர்களை நாம் இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் டிஃபென்டராக ஆடிய ஜேமி கேரகர் சிறுவயதில் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பவர்). டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் மிட்ஃபீல்டில் (நடுவரிசையில்) வளர்ந்து ரைட் பேக் (வலது ஓரப் பின்வரிசை) ஆனவர். ஸ்பெயினின் லெஃப்ட் பேக் ஆன ஜோர்டி ஆல்பா முதலில் விங்கில் (முன்வரிசை ஓரத்தில்) ஓடிக்கொண்டிருந்தவர். நம் நாட்டில் ஜர்னைல் சிங்கின் கதை இதற்கு நேர்மாறு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்டாப்பராக ஆடியவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு அவரை முன்வரிசைக்கு மாற்றினார்கள். தென்கொரியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கோலும் அடித்தார், 2-1 என்று தங்கம் நமக்கு. எந்த இடத்தில் யார் ஆடுவது என்பது அணியின் தேவையைப் பார்த்து எடுக்கும் முடிவு, தம்பி. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் மாற்றியது உன் கோச்சின் தவறு. தயங்காமல் போய், "சார், என்கிட்ட என்ன பார்த்து ஸ்டாப்பரா போட்டீங்க?" என்று கேள். அந்தப் பதிலில் உனக்கே தெரியாத உன் திறமை ஏதாவது இருக்கலாம்.

ஸ்டாப்பர் வேலை என்றால் என்ன என்று பார்க்க உனக்கு ஒரு காட்சி சொல்கிறேன். 2019 மார்ச் 31, ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூலும் டோட்டன்ஹாமும். ஸ்கோர் 1-1, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. டோட்டன்ஹாமின் மூசா சிசோகோ பந்தோடு பறந்து வருகிறார், கூடவே சோன் ஹியுங் மின். எதிரே ஒற்றை ஆளாக லிவர்பூலின் ஸ்டாப்பர் வர்ஜில் வான் டைக். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நம்மில் பெரும்பாலோர் பந்து வைத்திருப்பவன் மேல் பாய்வோம், அவன் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிடுவான், கதை முடிந்தது. வான் டைக் பாயவில்லை. பின்வாங்கிக்கொண்டே, சோனுக்குப் பாஸ் போகும் பாதையை உடம்பால் மறைத்தபடி வந்தார். அந்த இருவரில் கோல் அடிப்பதில் கைதேர்ந்தவர் சோன் என்று அவருக்குத் தெரியும். சிசோகோ வலது கால்காரர் என்பதும் தெரியும். ஆகவே சிசோகோவே அடிக்கட்டும், அதுவும் இடது காலால் அடிக்கட்டும் என்று விட்டு, கடைசி நொடியில்தான் நெருங்கினார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. கடைசி நிமிடத்தில் டோட்டன்ஹாம் போட்டுக்கொண்ட செல்ஃப் கோலால் லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது.

அந்தக் காட்சியில் வான் டைக் பந்தைத் தொடவே இல்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும், பத்து முறை பார். ஒவ்வொரு முறையும் பந்தை விட்டுவிட்டு அவர் தோளையும் பாதத்தையும் மட்டும் கவனி. நெஞ்சை நேராகக் காட்டி நிற்காமல் எப்படி ஒருக்களித்து நிற்கிறார், தலையை எத்தனை முறை திருப்புகிறார் என்று பார். அப்புறம் ஒரு முழு ஆட்டத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். கோல் தொகுப்பு வீடியோக்களால் டிஃபென்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவற்றில் உன் இடத்தில் ஆடுபவன் தோற்றுப்போகும் நொடிகள் மட்டும்தான் இருக்கும்.

"பேக் ஆடுறவன் பேரு யாருக்குத் தெரியும்" என்று அப்பா கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதை இத்தனை வருடத்தில் பின்வரிசையிலிருந்து வாங்கியவர்கள் பெக்கன்பாவர், மத்தியாஸ் சாமர், ஃபாபியோ கன்னவாரோ என்று மூன்றே பேர். 2019-ல் வான் டைக் மெஸ்ஸியிடம் ஏழே புள்ளியில் அதை இழந்தார். சரி, ஆனால் அந்த உயரத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும் அப்பாவிடம் சொல். நெதர்லாந்தின் பிரேடா ஊர்க்காரர். பதின்ம வயதில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவி செலவுக்குச் சம்பாதித்தார். அப்போது சென்டரில்கூட இல்லை, ரைட் பேக். உயரம் மளமளவென்று கூடியதில் முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்காமல் சிரமப்பட்டார். வளர்த்த வில்லம் 2 கிளப் அவரைப் பெரிதாக நம்பவில்லை, குரோனிங்கன் காசில்லாமலே கூட்டிப்போனது. 2012-ல் குடல்வால் கோளாறு முற்றி, சாகக் கிடந்து பிழைத்தார். பிறகு ஸ்காட்லாந்தின் செல்டிக், அங்கிருந்து சவுத்தாம்ப்டன். நாட்டு அணியின் சட்டையை முதன்முதலாகப் போட்டபோது அவருக்கு வயது 24. 2018 ஜனவரியில் லிவர்பூல் 7.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியபோது 26. ஒரு டிஃபென்டருக்கு அதுவரை உலகில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2020 அக்டோபரில் முழங்கால் தசைநார் அறுந்து அந்த சீசன் முழுக்கப் போனது. திரும்பி வந்து, கேப்டனாகி, 2025-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார்.

இங்கே வயதைக் கவனி. ஃபார்வர்டுக்கு வேகம்தான் மூலதனம், முப்பது தாண்டினால் குறையத் தொடங்கும். பின்னால் ஆடுபவன் ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே பல வருடம் ஆகும், கற்றுக்கொண்டதோ சீக்கிரம் போகாது. பாவ்லோ மால்டினி 16 வயதில் ஏ.சி. மிலானில் இறங்கி 40 வயதில் அதே கிளப்பில் விடைபெற்றார். போர்ச்சுகலின் பெப்பே 41 வயதில் 2024 யூரோ கோப்பையில் ஆடினார். 16 வயதில் உன்னால் முடியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஆண்டி ராபர்ட்சனை செல்டிக் கிளப் 15 வயதில் "சின்னப் பையன்" என்று அனுப்பிவிட்டது. சம்பளமே தராத குவீன்ஸ் பார்க் அணியில் ஆடிக்கொண்டு வேறு வேலைக்கும் போனவர், பிறகு லிவர்பூலின் லெஃப்ட் பேக், ஸ்காட்லாந்தின் கேப்டன்.

உயரத்துக்கும் இதுதான் பதில். 2006-ல் இத்தாலியின் கேப்டனாக உலகக் கோப்பையையும் அதே வருடம் பாலோன் டோரையும் வாங்கிய கன்னவாரோ, உன்னைவிட இரண்டு அங்குலம்தான் கூட. நீ வளரும் வயதில் இருக்கிறாய். வளரவில்லை என்றாலும் ஓரத்து பேக் இடம் இருக்கிறது.

பிழைப்பு விஷயத்தில் உனக்கு இனிப்பாக எதையும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் பெரிய லீக்குகள் உள்ள நாடுகளில் வளர்ந்தவர்கள். நம் டிஃபென்டர் சந்தேஷ் ஜிங்கனைப் பார். சண்டிகரிலிருந்து கிளம்பி, யுனைடெட் சிக்கிம், கேரளா பிளாஸ்டர்ஸ் என்று உயர்ந்து இந்திய அணியின் தூணாக நின்றவர். 2019-ல் முழங்கால் காயத்தால் ஒரு சீசனே போனது. 2021-ல் குரோஷிய கிளப்பில் சேர்ந்தும் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் திரும்பினார். 2025-ல் ஐ.எஸ்.எல். ஒப்பந்தச் சிக்கலில் சீசன் தள்ளிப்போனபோது சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. நாட்டின் மேல்மட்ட லீக்கிலேயே நிலைமை இப்படி என்றால், கால்பந்தை மட்டும் நம்பிப் படிப்பை விடுவது சரியல்ல. அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் படிப்பா பந்தா என்று இன்றைக்கே ஒன்றை வெட்டிப்போட வேண்டிய அவசியமும் இல்லை. பிளஸ் டூ முடி. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தரும், நல்ல அணி வைத்திருக்கும் கல்லூரியாகப் பார். பல்கலைக்கழக அணி, மாவட்ட லீக், முடிந்தால் சென்னை லீக் என்று படிப்படியாகப் போகலாம். ரயில்வே, வங்கி போன்ற நிறுவனங்களின் அணிகளில் ஆடி வேலை வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எந்த மட்டத்துப் போட்டிச் சான்றிதழ் அதற்குச் செல்லும் என்று இப்போதே விசாரித்து, கிடைக்கும் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்து. அப்பாவிடம் "எனக்குப் பந்துதான் உயிர்" என்று சொல்லாமல் இந்தத் திட்டத்தைச் சொல். மதிப்பெண் குறையாது என்று வாக்குக் கொடு, அதைக் காப்பாற்று. ஒரு மேட்சுக்கு அவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. நீ கேட்காதது, ஆனால் ஸ்டாப்பராக ஆடப்போகும் பையனிடம் சொல்லாமல் விட முடியாது. ஹெட்டர், அதாவது பந்தைத் தலையால் அடிப்பது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. மறதி நோய் போன்ற மூளை நோய்களால் இறக்கும் ஆபத்து அவர்களுக்குச் சாதாரண ஆட்களைவிட மூன்றரை மடங்கு என்றது. 2021-ல் வந்த தொடர்ச்சியில், இப்படிப்பட்ட நோய் வரும் ஆபத்து டிஃபென்டர்களுக்குத்தான் அதிகம், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று தெரிந்தது. பந்தைக் கையால் பிடிக்கும் கோல்கீப்பர்களிடம் அப்படி ஒரு தெளிவான உயர்வு இல்லை. அவர்கள் எல்லாம் பழைய காலத்து ஆட்டக்காரர்கள், உனக்கும் அப்படியே ஆகும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் இங்கிலாந்தில் 2021-லிருந்து, பலமாக மோதும் ஹெட்டர்களைப் பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் போட வேண்டாம் என்று பெரிய வீரர்களுக்கே வழிகாட்டியிருக்கிறார்கள். வரிசையில் நிறுத்தி ஐம்பது, நூறு என்று பந்தைத் தலைக்கு அடிக்கும் பயிற்சி உன் பள்ளியில் நடந்தால் கோச்சிடம் இதைச் சொல். முறையைக் கற்றுக்கொள்ள மெத்தென்ற, லேசான பந்து போதும். ஆட்டத்தில் தலையோடு தலை மோதி, கண் மங்கினாலோ குமட்டினாலோ, ஒரு நொடி நினைவு தப்பினாலோ, வெளியே வந்துவிடு. கோச் "ஒண்ணுமில்ல, ஆடு" என்றாலும் அன்றைக்கு மறுபடி இறங்காதே. வீட்டில் சொல்லி டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் சரி என்ற பிறகு போய் ஆடு.