கன்னியாகுமரி மாவட்ட மாணவர்களுக்கு ஸ்டார்ட்அப் பிட்ச் போட்டிகளால் பயன் உண்டா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியில் ஸ்டார்ட்அப் பிட்ச் போட்டிக்கு, அதாவது தொழில் யோசனையை நடுவர்கள் முன் சில நிமிடத்தில் எடுத்துச் சொல்லும் போட்டிக்கு, பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். செலவழிக்கும் நேரத்துக்குப் பயன் இருக்குமா, சான்றிதழோடு முடிந்துவிடுமா?

கண்டிப்பாகப் பெயர் கொடுங்கள். பரிசுத் தொகையை மட்டும் மனதில் வைத்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உங்கள் யோசனைக்கு யார் கையிலிருந்து காசு வரும் என்று தேடிப் போக ஒரு சாக்காகப் போட்டியை எடுத்துக்கொண்டால், நான்கு வருடப் படிப்பில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்.

எனக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் வியாபாரம். அப்பா காலத்திலிருந்தே பாலும் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கிறோம். மாவட்டத்தில் கல்லூரிகள் இந்தப் போட்டிகளை நடத்தும்போது தொழில் துறையிலிருந்து ஒரு நடுவர் வேண்டும் என்பதற்காக என்னையும் கூப்பிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய்விடுவேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு குழு ரப்பர் பாலின் டிஆர்சியை, அதாவது உலர் ரப்பர் சதவீதத்தை, அளக்கும் கருவி செய்து கொண்டுவந்திருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்தில் வெட்டி எடுக்கும் பாலில் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். பாலாகவே விற்கும் விவசாயிக்கு எடையோடு இந்த உலர் ரப்பர் சதவீதத்தையும் சேர்த்துத்தான் கணக்கு போடுவோம். அதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் பாலை எடை போட்டு, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக அழுத்தி, ஓவனில் பல மணி நேரம் உலர்த்தி, மறுபடியும் எடை போட வேண்டும். காலையில் கேனோடு வரிசையில் நிற்கிறவரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு, அது காட்டும் எண்ணைப் படிப்பார்கள். பால் வெயிலில் சூடாகியிருந்தாலும், உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா கூடக்குறைய இருந்தாலும் அந்த எண் நகரும். 100 கிலோ பாலில் இரண்டு சதவீதம் தள்ளிப் போனால் 2 கிலோ ரப்பர். கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 360 ரூபாய், அதுவும் ஒரே நாளில். விவசாயிக்குச் சந்தேகம் வருவதில் ஆச்சரியமே இல்லை.

அந்தப் பிள்ளைகள் ஒரு தம்ளர் பாலை மேசை மேல் வைத்து, கருவியின் முனையை அதில் விட்டுக் காட்டினார்கள். சின்னத் திரையில் எண் வந்தது. நல்ல வேலை. விவசாயிகள் வாங்குவார்கள், விலை 8,000 ரூபாய் என்றார்கள். எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அரை ஏக்கர் வச்சிருக்கவரு எட்டாயிரம் குடுத்து இத வாங்குவாவளா மக்களே?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அப்புறம் நான் கேட்டேன்: வியாபாரியான நான் எதற்கு இதை வாங்க வேண்டும்? அளவு சரியாகத் தெரிவதால் என் கல்லாவில் ஒரு ரூபாய் கூடுமா?

இதில்தான் நிறைய குழுக்கள் நின்றுவிடுகின்றன. பயன் பெறுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர் என்பது வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. இந்தக் குழு அதோடு விடவில்லை. பலரிடமிருந்து பாலைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் ஒரு ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அங்கே உறுப்பினர்களுக்குள் வரும் சண்டைதான் பெரிய தலைவலி. செயலாளர் கருவியைப் பார்த்துவிட்டு, திரையில் எண் வந்தால் போதாது, பேர், எடை, சதவீதம் மூன்றும் அச்சடித்த சீட்டு வேண்டும் என்றார். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும் அல்லவா? பேருந்தில் டிக்கெட் அடிக்கும் இயந்திரத்தில் இருப்பதுபோன்ற ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அது விற்கக்கூடிய பொருள் ஆனது.

அன்றைய போட்டியில் அவர்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. இது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1990இல் 10,000 டாலர் பரிசோடு ஒரு மாணவர் போட்டி தொடங்கினார்கள். பிறகு அது 50,000 ஆகி, இப்போது 1 லட்சம் டாலர் போட்டியாக இருக்கிறது. 1998இல் அதன் இறுதிச் சுற்று வரை வந்து, முதல் பரிசு கிடைக்காமல் திரும்பிய குழுதான் அகமாய் நிறுவனம். அடுத்த ஆண்டே பங்குச் சந்தைக்கு வந்துவிட்டார்கள். உலகின் இணையப் போக்குவரத்தில் பெரிய பங்கு இன்றும் அவர்களுடைய சர்வர்கள் வழியாகத்தான் போகிறது. நடுவர்கள் ஏழெட்டு நிமிடம் கேட்டுவிட்டு மார்க் போடுகிறோம். அந்த மார்க்கை அதற்குரிய அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லாக் குழுக்களின் ஸ்லைடிலும் இடைத்தரகரை ஒழிப்போம் என்று ஒரு வரி இருக்கும். நானே இடைத்தரகன் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இடையில் நிற்கிறவர் என்னென்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அவரை எடுத்துவிட முடியாது. குளச்சல், முட்டம் கரைகளில் வள்ளம் வந்து சேர்ந்ததும் மீன் ஏலம் போகும். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவரிடமே மீனையும் கொடுத்தாக வேண்டிய நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன. கொச்சியில் இன்றைக்கு என்ன விலை என்று செயலி காட்டினால், விலை தெரியும். மீனை வேறு ஆளிடம் விற்க முடியுமா? அந்தக் கடனுக்கு உங்களிடம் என்ன பதில் என்றுதான் முதலில் கேட்பேன். மகள் கல்யாணத்துக்குப் பணம், கடலில் எதுவும் கிடைக்காத மாதத்தில் வீட்டுச் செலவு எல்லாம் அதே ஆளிடமிருந்துதான் வரும். அநியாயம் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அதை மாற்ற வேண்டும் என்றால் கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மீன் விலை செயலியோடு வந்த குழுவில் கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஸ்லைடை ஆங்கிலத்தில் வாசித்தது வேறொரு பையன். முன்பணத்தைப் பற்றி நான் கேட்டதும் அவன் திணறினான். அந்தப் பெண் மைக்கை வாங்கி, தன் ஊர்ப் பேச்சிலேயே, ஏலம் எப்படி நடக்கும், யார் யாருக்கு எவ்வளவு கழிப்பார்கள், அம்மா தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்கும்போது யாரிடம் கடன் வாங்குவாள் என்று விளக்கினாள். அரங்கம் முழுக்க அமைதியாகக் கேட்டது. அவளுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஸ்லைடில் இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம். நம் பிள்ளைகளுக்கு மீனும் ரப்பரும் பூவும் வாழையும் கயிறும் பிறந்ததிலிருந்தே தெரியும். போட்டி என்றதும் அதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, எங்கோ பெருநகரத்தில் இருக்கிறவருக்கு ஒரு செயலி செய்கிறார்கள்.

அதனால் முதலில் தமிழில் பேசிப் பழகுங்கள். தமிழில் மூன்று நிமிடத்தில் உங்கள் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியாவிட்டால், ஆங்கிலத்திலும் அது நிற்காது. மேடையில் தமிழில் பேசலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நான் போன இடங்களில் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை.

சந்தை அளவு பற்றிய ஸ்லைடில் 140 கோடி மக்களில் ஒரு சதவீதம் என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்ததும் நடுவர்களுக்கு நம்பிக்கை போய்விடும். பூ சம்பந்தமான யோசனையா? விடியற்காலையில் தோவாளைச் சந்தைக்குப் போய் எத்தனை கடை, யார் கேரளாவுக்கு அனுப்புகிறார், ஓணம் சமயத்தில் எவ்வளவு கூடுகிறது, மிஞ்சிய பூ என்ன ஆகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நம் மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பழுத்த மட்டி எத்தனை நாள் தாங்கும், தூரத்துக்கு அனுப்பினால் என்ன ஆகிறது? இதற்குப் பதில் தேட பஸ் டிக்கெட் போதும். நீங்களே எண்ணிப் பார்த்த நாற்பது கடைக்கு இருக்கும் மதிப்பு, இணையத்தில் எடுத்த கோடிக்கணக்குக்கு இல்லை.

போட்டிக்குப் பிறகு எங்கே போவது? பலருக்கு இது தெரியாமலே நின்றுவிடுகிறது, அதனால் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் நிரல் திருவிழா என்ற போட்டி நம் மாநில மாணவர்களுக்கானது. 2017இலிருந்து நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அமைச்சகங்களும் நிறுவனங்களும் பிரச்சினையைக் கொடுக்கும். குழுவில் ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். முன்மாதிரி செய்யப் பணம் வேண்டுமென்றால் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தைப் பாருங்கள்: முதல் கட்டத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை. நிறுவனமாகப் பதிவு செய்தபின், தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டம் இருக்கிறது. பொதுவாக 10 லட்சம் வரை, பெண்கள் தலைமையேற்பது போன்ற சில வகைகளுக்கு 15 லட்சம் வரை. நமக்குப் பக்கத்தில் அவர்களுடைய வட்டார மையம் திருநெல்வேலியில் உள்ளது. தனி உரிமையாளர் பெயரில் கடை பதிவு செய்ததுபோல் செய்திருந்தால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்), பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்ற அமைப்பாக இருக்க வேண்டும்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்ட. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் நடத்தும் ஹடில் குளோபல் மாதிரி விழாக்களுக்குப் போய் நாலு பேரைப் பார்த்துப் பேசலாம். ஆனால் அந்த மாநிலத்தின் நிதியுதவி அங்கே பதிவான நிறுவனங்களுக்குத்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹல்ட் பிரைஸ் போன்ற சர்வதேசப் போட்டிகளில் 10 லட்சம் டாலர் பரிசு என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அனுபவத்துக்காகப் போங்கள், நல்லதுதான்.

கருவியோ புதிய செய்முறையோ கண்டுபிடித்திருந்தால் மேடை ஏறும் முன் காப்புரிமை பற்றி யோசியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளிப்படுத்திவிட்டால் அது புதியது இல்லை என்று ஆகிவிடக்கூடும். கல்லூரி மேடை, யூடியூபில் ஏற்றிய வீடியோ எல்லாம் பொதுவெளிதான். தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டால், முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். தனிநபர் இணையம் வழியாகப் போட்டால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 400. செயலி, சேவை மாதிரியான யோசனைகளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. அங்கே யோசனையைத் திருடுவதைவிட அதைச் செய்து முடிப்பதுதான் கஷ்டம், அதனால் தயங்காமல் எல்லாரிடமும் பேசுங்கள்.

கல்லூரி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி அமைச்சகத்தின் புத்தாக்கக் கவுன்சில் அமைப்பில் இப்படி நிகழ்ச்சி நடத்தினால் கல்லூரிக்கு மதிப்பீட்டில் புள்ளி உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் எண்ணிக்கைக்காக உங்களைக் கடைசி நேரத்தில் ஒரு குழுவில் சேர்த்தால் மறுத்துவிடுங்கள். நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்கள். குழுவில் ஒருவராவது அந்தத் தொழில் நடக்கும் வீட்டிலிருந்து வந்தவராக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். இறுதியாண்டு முடிந்ததும் ஒருவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க், ஒருவர் பெங்களூரு, ஒருவர் துபாய் என்று போய்விடுவார்கள். வீட்டு நிலைமை அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. டிஆர்சி குழுவிலும் இரண்டு பேர் வேலைக்குப் போனார்கள். போகிறவர்களுக்கு என்ன பங்கு, கருவியின் வரைபடமும் மென்பொருளும் யாரிடம் இருக்கும், பெயரை யார் பயன்படுத்தலாம் என்று அவர்கள் ஆரம்பத்திலேயே வெள்ளைத்தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இன்றைக்கும் சங்கத்தில் கருவி பழுதானால் ஊரில் இருக்கிற இருவர் போய்ப் பார்க்கிறார்கள், வேலைக்குப் போனவர்களில் ஒருவன் துபாயிலிருந்து போனில் வழி சொல்கிறான். நீங்களும் அந்தத் தாளைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். பரிசோ பணமோ வந்தபிறகு உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரிப் போய்விடும்.