போர் தண்ணீரில் வரும் பொடி மணலுக்குக் கழுவிப் போடும் ஃபில்டர் எது?

தண்டையார்பேட்டை வீட்டு போர் தண்ணீரில் பொடி மணல் வருகிறது, வலை ஃபில்டர் போடலாமா, டிஸ்க் ஃபில்டர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள். வெறும் மணல் அடியில் தங்கினால் ஸ்டீல் வலையே போதும், கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். வழவழப்பான அழுக்கும் சேர்ந்து வந்தால் டிஸ்க்தான் சரி, ஏனென்றால் வரிப்பள்ளம் போட்ட வட்டுகளை நெருக்கி அடுக்கியிருப்பதால் அழுக்கு உள்ளேயும் பிடிபடும், அடுக்கைத் தளர்த்திக் கழுவிக்கொள்ளலாம். ஃபில்டரின் துளை அளவை மெஷ் எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் துளை சிறியது: 120 மெஷ் ஏறக்குறைய 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 200 மெஷ் சுமார் 75. தயவுசெய்து ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வையுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 பாரைத் தொட்டால் கழுவிவிடுங்கள். அப்புறம், தெளிவாக வந்த தண்ணீர் வைக்க வைக்கப் பழுப்பானால் அது கரைந்த இரும்பு. அதுவும் உப்பும் இந்த இரண்டு ஃபில்டரிலும் நிற்காது.