சாந்தகுணம் என்றால் எதையும் மறுக்காமல் இருப்பதா?

கேள்வி: ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைச் சந்திக்கும் குழு என்று எங்கள் சபையின் எல்லாப் பணிகளிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். யார் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை. மறுப்பது சாந்தகுணத்துக்கு விரோதமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஆயினும் மனதில் சமாதானம் இல்லை. என் வேலையைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் பல இரவுகள் தூக்கம் வருவதில்லை. "நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற இயேசுவின் வாக்கு என்னளவில் ஏன் நிறைவேறவில்லை?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் இரண்டு சுமைகளைத் தூக்குகிறீர்கள். ஒன்று வேலை, மற்றது உங்கள் நற்பெயர். தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது சுமை என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது.

நீங்கள் எடுத்துக்காட்டும் வாக்கு மத்தேயு 11:28-இல் இருக்கிறது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன், என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள், அப்பொழுது, உங்கள் ஆத்துமாக்களுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்." களைத்து வந்தவர்களிடம் வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நுகம் உழைப்பதற்கானதுதான், யாருடைய நுகத்தைச் சுமக்கிறோம் என்பதை மாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறார். அவர் இதை எந்தச் சூழ்நிலையில் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சிறையிலிருந்த யோவான் ஸ்நானன், வருகிறவர் (அதாவது வாக்குப்பண்ணப்பட்ட மேசியா) நீர்தானா என்று ஆளனுப்பிக் கேட்கிறான். பிறகு, மிகுதியான அற்புதங்களைக் கண்டும் மனந்திரும்பாத கோராசீன், பெத்சாயிதா, கப்பர்நகூம் ஆகிய ஊர்களைக் குறித்து இயேசு வருந்திப் பேசுகிறார். மனிதக் கணக்கில் பார்த்தால் ஊழியம் பலன் தராமல் போன வேளை அது. அந்த வேளையிலும் பிதாவை ஸ்தோத்திரித்துவிட்டு, என்னிடத்தில் வாருங்கள் என்று பிறரை அழைக்க அவரால் முடிந்தது. அவருடைய இளைப்பாறுதல் ஊரார் பாராட்டில் ஊன்றியிருக்கவில்லை.

பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம், இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசேயைக் கூறுகிறது. அந்த வார்த்தை வருகிற இடம் எண்ணாகமம் 12. சொந்த அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும், கர்த்தர் மோசேயைக் கொண்டு மாத்திரமா பேசினார் என்று குறைகூறிய நேரம். மோசே பதில் சொன்னதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. கர்த்தரே அவனுக்காகப் பேசினார். மிரியாமுக்குக் குஷ்டரோகம் கண்டபோதோ, அவளைக் குணமாக்கும்படி மோசேயே கெஞ்சினான். இதே மோசேதான் எகிப்தின் ராஜாவாகிய பார்வோனுக்கு முன்பாக நின்று ஜனங்களை அனுப்பிவிடச் சொன்னவன். ஆகவே சாந்தம் கோழைத்தனமல்ல. தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையைக் கர்த்தரிடம் விட்டுவிட்டவனுடைய பலம் அது. பிரதான ஆசாரியனுடைய வீட்டில் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசுவும், நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது சாந்தத்துக்கு முரணல்ல.

இனி, மறுப்பதைப் பற்றி. மாற்கு முதலாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் மாலை வெகுநேரம் வரை நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, மறுநாள் இருட்டோடே எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீஷனாகிய சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். திரும்பிப் போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அந்த ஊரில் தேவை தீர்ந்துவிடவும் இல்லை. ஆனால் அவர், அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், "இதற்காகவே புறப்பட்டுவந்தேன்" என்கிறார். எதற்காக வந்தோம் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. அதனால் நல்ல வேலை ஒன்றையே குற்றவுணர்வு இல்லாமல் விட்டுச் செல்ல முடிந்தது. நம்மில் பலருக்கு மறுப்பு வாயில் வராததற்குக் காரணம் தாழ்மை என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது மனிதருக்குப் பயப்படும் பயம்தான்.

ஆகவே உங்கள் பொறுப்புகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒருவரும் கவனிக்காவிட்டாலும், நன்றி சொல்லாவிட்டாலும் எந்தப் பணியைத் தொடர்ந்து செய்வீர்கள் என்று ஜெபத்தோடு கேளுங்கள். அந்தப் பணியில் ஊன்றி நில்லுங்கள். மற்றவற்றில் ஒன்றையாவது இன்னொருவருக்குப் பழக்கிவிட்டு ஒப்படையுங்கள். காலை முதல் மாலை வரை தனியே நியாயம் விசாரித்த மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன ஆலோசனையும் ஏறக்குறைய இதுதான். தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சோர்ந்து சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கமல்ல, அப்பமும் தண்ணீரும்.

(இடையில் ஒன்று: இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டு, பணிவிடையில் மிகவும் வருத்தமடைந்த மார்த்தாளைப் பிரசங்கங்களில் நாம் அளவுக்கு மீறிக் கடிந்துவிட்டோம் என்பது என் எண்ணம். அவள் வேலை செய்ததை இயேசு குறைகூறவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார்.)

கேள்வி: ஊழியத்தின் நடுவே ஓய்வு தேடுவது சோம்பல் ஆகாதா?
— ஒரு வாசகர்

பதில்: ஆகாது. சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்த சீஷர்களை, சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் இயேசுவே (மாற்கு 6:31). போன இடத்துக்கும் ஜனங்கள் முந்தி வந்துவிட்டார்கள். அவர் எரிச்சலடையாமல் மனதுருகி உபதேசித்தார், அவர்களுக்கு உணவும் அளித்தார். அதன்பின் சீஷர்களைப் படவில் ஏற்றிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, ஜெபிக்கத் தனியே மலைக்குப் போனார். ஓய்வு ஒருமுறை தடைப்பட்டால், அன்றைக்கே மறுபடியும் அதைத் தேடிக்கொள்ளலாம்.