குழந்தைப் பாதுகாப்பு: மருத்துவ, செவிலியர், சமூகப்பணி மாணவர்களை ஒன்றாக வைத்து ஒத்திகைப் பயிற்சி நடத்துவது எப்படி?

ஒரே வழக்கை எடுங்கள். 5 மாதக் குழந்தை, தொடை எலும்பு முறிவு. "கட்டிலில் இருந்து உருண்டு விழுந்தது" என்கிறார் அம்மா. குழந்தைக்குப் பொம்மை போதும், அம்மாவாக நடிக்க ஒருவர் வேண்டும். நிஜக் குழந்தையை நடிக்க வைக்கவே கூடாது.

தகவலைப் பிரித்துக் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. எக்ஸ்ரே மருத்துவ மாணவர் கையில். சட்டையைக் கழற்றும்போது காதுமடலில் தெரியும் கன்றல் செவிலிய மாணவருக்கு மட்டும். போன மாதம் வேறு மருத்துவமனைக்குப் போன விவரம் சமூகப்பணி மாணவரிடம். மூன்றும் சேர்ந்தால்தான் குழந்தையை யாரோ அடித்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும்.

பெரும்பாலும் சறுக்குவது இங்கே: செவிலிய மாணவர் "காதுல ஏதோ இருக்கு சார்" என்று மெதுவாகச் சொல்வார், மருத்துவ மாணவர் எக்ஸ்ரேயை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அல்லது அம்மாவைப் போலீஸ் போல விசாரிப்பார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரத்தோடு எழுத வேண்டும். "அடித்திருக்கலாம்" என்ற ஊகம் குறிப்பேட்டில் வேண்டாம்.

அறையில் ஒரு போன் வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ யாராவது எண்ணை அழுத்திப் பேசினால்தான் புகார் போனதாகக் கணக்கு. இல்லாவிட்டால் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று மூவருமே இருந்துவிடுவார்கள். பாலியல் வன்முறை வழக்கு என்றால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி புகார் கட்டாயம்.

காட்சிக்கு 15 நிமிடம், பிறகு கலந்துரையாட 40 நிமிடமாவது ஒதுக்குங்கள். சிறுவயதில் இப்படிப்பட்ட வன்முறையை அனுபவித்த மாணவர் குழுவில் இருக்கக்கூடும். காரணம் சொல்லாமல் வெளியேற அனுமதி உண்டு என்பதை முன்பே சொல்லி, ஆலோசகர் ஒருவரைப் பக்கத்து அறையில் இருத்துங்கள்.