பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பிய பிறகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் பக்கவாதம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு என்ன செய்வது என்றுதான் கேட்கின்றன. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை டாக்டர், நர்ஸ் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் இறக்கிவிட்டுப் போன பிறகு எல்லாம் குடும்பத்தின் தலையில்தான். நான் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் என்பதால் இந்தக் கடிதங்களில் வரும் வீடுகள் எனக்குப் பழக்கமானவை. இந்த முறை பகுதி முழுவதும் இதற்கே. பெயர்களை எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு 61 வயது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் வலது கை, கால் விழுந்து பேச்சும் போய்விட்டது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் எதைக் கேட்டாலும் "வந்துட்டான், வந்துட்டான்" என்றே சொல்கிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா, இல்லை மூளை குழம்பிவிட்டதா?
– ஒரு மகள், நாமக்கல்

மூளை குழம்பிவிட்டது என்ற பேச்சை முதலில் வீட்டில் நிறுத்துங்கள் அம்மா, அது அவர் காதில் விழும். வலது கை காலை இயக்குவது மூளையின் இடது பாதி. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. அஃபேசியா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். நீங்கள் யார், அவர் யார், ஆபீஸில் யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்குள் அப்படியே இருக்கலாம், வார்த்தையாக வெளியே வரும் வழிதான் அடிபட்டிருக்கிறது. ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருவதும் இதில் பலருக்கு நடப்பதுதான். அந்த வார்த்தையை விட்டுவிட்டு அவர் குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகத்தையும் கவனியுங்கள், கேள்வியா, மறுப்பா, வேதனையா என்று பாதி தெரிந்துவிடும்.

நாம் பேசுவது எவ்வளவு புரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எல்லாமே புரியும், சிலருக்கு மூன்று பேர் சேர்ந்து வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. இதை ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஆகியும் அவரிடம் போனதாக நீங்கள் எழுதவில்லை, இந்த வாரமே போங்கள். நடை வந்தால் போதும், பேச்சு தானாக வரும் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் ஆதங்கம்.

வீட்டில் பேசும்போது டிவியை அணைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது. "என்னப்பா வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் திணறுவார், காபி டம்ளரையும் தண்ணீர்ச் சொம்பையும் காட்டி இதுவா அதுவா என்று கேளுங்கள். ஆமாம், இல்லை இரண்டும் வாயில் மாறி வரலாம், அதனால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டப் பழக்குங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்துவரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். அந்த இடைவெளியில்தான் அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறார், நாம் பொறுக்காமல் முந்திக்கொண்டு முடித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்து நடுவில் நிறுத்துங்கள், அல்லது ஞாயிறு, திங்கள் என்று கிழமைகளைச் சொல்லுங்கள், அவருக்கு மனப்பாடமான சாமி பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடுங்கள். பேச்சே வராதவர்கள் பாட்டில் முழு வரியைச் சொல்லிவிடுவது உண்டு. மெட்டிலும் தாளத்திலும் மூளையின் வலது பாதிக்கும் பங்கு இருக்கிறது. அதைக் கேட்டுப் பேச்சு திரும்பிவிட்டது என்று ஏமாந்துவிட வேண்டாம், ஆனால் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம், தெரபிஸ்ட்டிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் புக்கிங் நோட்டு. அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். வண்டி நம்பர், டிரைவர் பெயர், லோடு போகும் ஊர், இதெல்லாம் அவர் ஆயுள் முழுக்கப் புழங்கியவை. குழந்தைகளின் படப் புத்தகத்தைக் காட்டி ஆப்பிள் சொல்லச் சொன்னால் அவமானமாக நினைப்பவர், லாரி நம்பரை இடது கையால் எழுதிக்காட்ட முயலக்கூடும். வீட்டில் பணம், நிலம், கல்யாணம் எதைப் பற்றிப் பேசினாலும் அவரை வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் சரி என்று தலையசைத்த பிறகு முடிவெடுங்கள்.

கணவருக்கு 47 வயது. இடது கை கால் விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. அவரே செய்யட்டும் என்று டாக்டர் சொன்னதால் நான் உதவாமல் நின்றால், மாமியார் "பிள்ளையைப் போட்டு வதைக்கிறாயே" என்று ஓடிவந்து ஊட்டிவிடுகிறார். கணவரோ எதற்கெடுத்தாலும் அழுகிறார், பிசியோ வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். ராத்திரி நான்கு தடவை எழுந்து பார்க்கிறேன், பகலில் வேலைக்கும் போகிறேன். சில நேரம் இவர் ஏன் பிழைத்தார் என்றுகூடத் தோன்றிவிடுகிறது. இதை எழுதவே கை கூசுகிறது.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற யாருக்கும் இந்த நினைப்பு வரும். பல பெண்கள் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் காதோடு இதைச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட கணவருக்கு அடுத்த வேளை மாத்திரை கொடுக்கத் தவறியவர் இல்லை. உங்களிடம் குறை எதுவும் இல்லை, உங்களுக்குத் தூக்கம் இல்லை, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறொருவர் அவர் அறையில் படுக்க வேண்டும். கொழுந்தனார், நாத்தனார், வளர்ந்த பையன் யாராக இருந்தாலும் சரி, "முடிந்தபோது வாருங்கள்" என்று சொல்லாமல் கிழமையைச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி எழுவது மூத்திரத்துக்காக என்றால் கட்டில் பக்கத்திலேயே ஒரு யூரின் கேனை வையுங்கள், வலது கை நன்றாக இருப்பதால் அவரே பிடித்துக்கொள்வார். மனசு ரொம்பத் தாழ்ந்துபோகும் நாளில் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

அடுத்தது மாமியார். பெற்ற மகன் இடதுகையைத் தூக்க முடியாமல் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரு என்றால் அந்த அம்மாவால் முடியாது, அவரிடம் சண்டை போட்டும் பயனில்லை. அவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். மகனை மேஜைக்கு முன் உட்காரவைத்து, இடது கையையும் தூக்கி மேஜைமேல் வைத்து, வலது கையால் அவரே சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பது அம்மாவின் வேலை. பூண்டு உரிக்கும்போது மகன் இடது கையால் பூண்டை அழுத்திப் பிடிக்கட்டும், வலது கை உரிக்கட்டும். மூளையில் செத்துப்போன செல்களுக்குப் பதிலாகப் பக்கத்து செல்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்வது இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதால்தான். பிசியோ வந்து போகும் முக்கால் மணி நேரம் மட்டும் இதற்குப் போதாது, மீதி நாள் முழுக்க அவர் கையும் காலும் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் முன்னேற்றம். இதை டாக்டர் வாயாலேயே மாமியாருக்குச் சொல்லவையுங்கள், மருமகள் சொல்வதைவிட எடுபடும்.

சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியாக எடுக்க வேண்டும். இது தெரிந்தால் பாதிப் போராட்டம் குறையும். வேட்டிக்கு இப்போது ஒட்டுப்பட்டி வைத்தது கிடைக்கிறது, ஒற்றைக் கையால் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, அவரைத் தூக்கும்போது யாரும் அந்த இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. தசை தளர்ந்திருப்பதால் தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்துவிட்டால் பிசியோவை ஏன் வெறுக்க மாட்டார்? இப்போது கண்ணை மூடிக்கொள்வதற்கே அதுதான் காரணமா என்று தோளைத் தொட்டுப் பாருங்கள்.

அழுகையில் இரண்டு விதம் உண்டு. சம்பந்தமே இல்லாமல் சட்டென்று அழுகை வந்து, பேச்சை மாற்றினால் சட்டென்று நின்றுவிட்டால் அது மூளைக் காயத்தால் கட்டுப்பாடு தளர்ந்த அழுகை, மனசில் துக்கம் இல்லாமலும் வரும். நாள் முழுக்க முகம் வாடி, சாப்பாடு வேண்டாம், யாரும் வேண்டாம், தூக்கம் இல்லை என்று இருந்தால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "அழுகிறார்" என்று மட்டும் சொல்லாமல் எப்போது, எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொண்டு போங்கள். மருந்து பிடித்து மனசு தெளிந்த பிறகு பயிற்சிக்குத் தானே கையை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அவர் கட்டில் பக்கத்திலேயே நின்று "எப்படி இருந்த மனுஷன்" என்று அழும் சொந்தக்காரர்களை வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்புங்கள். பழைய கூட்டாளி ஒருவர் வந்து கேரம் போர்டு போட்டால் அவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விடலாம்.

அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்தது. பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் இலையில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் குழம்பு ஊற்றவில்லை, கூட்டு வைக்கவில்லை என்கிறார். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. தண்ணீர் குடித்தால் கொஞ்சம் இருமுகிறார்.
– ஒரு மகன், தூத்துக்குடி

அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை தம்பி. வலது மூளையில் அடிபட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் இருக்காது, கண் நன்றாக இருந்தாலும்கூட. இலையைத் திருப்பி வையுங்கள், மீதியைச் சாப்பிட்டுவிடுவார். இலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் துணியை வைத்து, அது தெரியும்வரை பாருங்கள் அம்மா என்று பழக்குங்கள். பேச உட்காரும்போது கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்ந்து உட்காருங்கள். ஆனால் தண்ணீர், கூப்பிடும் மணி போன்ற அவசரச் சாமான்கள் வலது பக்கமே இருக்கட்டும். தனியாக ரோட்டைக் கடக்க விடாதீர்கள்.

போகிற போக்கில் இருமல் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. விழுங்கும் தசை தளர்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரும். கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் இவர்களுக்கு ஆபத்து. படுத்தபடி எதையும் கொடுக்காதீர்கள், நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் கொடுங்கள், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். குடித்ததும் குரல் ஈரமாக, கரகரப்பாக மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் விழுங்கும் சோதனை செய்துவிடுங்கள்.

அண்ணனுக்குக் கை கால் விழுந்த அன்று முதலில் வைத்தியர் ஒருவரிடம் தூக்கிப்போனதில் அரை நாள் போய்விட்டது. இப்போது புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும், ஆங்கில மாத்திரையை நிறுத்து என்கிறார்கள்.
– ஒரு தம்பி, விழுப்புரம்

நிறுத்தாதீர்கள். காயம் மூளையில் இருக்கிறது, கைமேல் எதைத் தேய்த்தாலும் அங்கே போய்ச் சேராது. முதல் சில வாரங்களில் பலருக்குத் தானாகவே கொஞ்சம் அசைவு திரும்பும், அந்த நேரத்தில் எதைத் தேய்த்தார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பி.பி. மாத்திரை மூன்றும் மூளையின் ரத்தக்குழாயில் அடுத்த அடைப்பு வராமல் தடுப்பதற்கு. பி.பி. சரியாகிவிட்டதே என்று நிறுத்துகிறவர்கள், அது மாத்திரையால்தான் சரியாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் லேசாகத் தடவலாம். சூடான ஒத்தடம் வேண்டாம், உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறையுங்கள், உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்.

போன அரை நாளைப் பற்றி அண்ணன் முன்னால் இனிப் பேச வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்: முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108, அதுவும் சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால் சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடக் குழாய் விட்டு எடுக்கிறார்கள். அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, அதனால் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்தால் அதற்குமேல் முன்னேற்றம் இருக்காதாமே? பிசியோவுக்குக் கொடுத்துக் கையில் இருந்த பணமும் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊர் கிராமம்.
– ஒரு மனைவி, கிருஷ்ணகிரி மாவட்டம்

முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும் அதன்பிறகு மெதுவாகவும் தேறுவது உண்மை. ஆறாவது மாதத்தோடு கதவு மூடிவிடுகிறது என்பது உண்மை இல்லை, பயிற்சியை விடாதவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் நடை நன்றாக ஆவதைப் பார்க்கிறோம். விரல்கள் இறுக்கி மூடிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், இறுக்கம் தளர ஊசியும் இருக்கிறது.

பணத்துக்கு வழி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதோடு பிசியோவும் அதில் உண்டு, இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்ப் பெயரைப் பதியுங்கள். குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்குமேல் என்று டாக்டர் சான்று கொடுத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். சுகாதார நிலையத்தில் பதியும்போதே, பிசியோ உங்கள் ஊர்ப்பக்கம் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு, அவருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.