ஓக் மரம் பனையாகியும் கதை ஐரோப்பாவிலேயே நிற்கிறதா?

உங்கள் மிகைபுனைவு (fantasy) நாவலில் ஐரோப்பியப் பெயர்களை நம்மூர்ப் பெயர்களாக்கியும் கதை ஐரோப்பாவிலேயே நிற்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். பெயர்களை விடுங்கள், உங்கள் அரசனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் மாற்றுங்கள். ஓக்கைப் பனையாக்கினாலும் நிலப்பிரபு, வாள்வீரன், மதுவிடுதி என்ற எலும்புக்கூடு அப்படியே கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

கொழும்பில்தானே இருக்கிறீர்கள்? தேசிய நூதனசாலையில் காலி (Galle) துறைமுக நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட சீனக் கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னிலங்கைத் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் போற்றுதல்; மூன்றிலும் ஏறக்குறைய ஒரே காணிக்கைப் பட்டியல்: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். வரியும் வணிகமும் வேண்டுதலும் ஒரே துறைமுகத்தில்! இதற்கு மேல் டிராகன் எதற்கு?

ஒரு சோதனை: பனையை மீண்டும் ஓக்காக்கி ஓர் அத்தியாயம் வாசியுங்கள். எந்தக் காட்சியும் உடையாவிட்டால், நீங்கள் செய்தது வெறும் பூச்சு.

இன்றும் கும்பிடப்படும் தெய்வத்தை மந்திரக்கோலாக்கும்போது மட்டும் கவனம்.